பதினேழு பிழைகள் உள்ள மன்னிப்புக் கடிதம்

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த வருஷம் புத்தாண்டுக்கு முந்தைய எங்கள் யூத மாதமான எலூலின் முதல் தேதியும் செப்டம்பர் முதல் தேதியும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. மாதம் முடியும்வரை இரண்டு நாட்காட்டியும் ஒரே எண்ணைச் சொல்லும். அச்சகத்தில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். ஒருவரும் பரவசப்படவில்லை. புரூஃப் பார்ப்பவளின் சந்தோஷம் புரூஃப் பார்ப்பவளுக்கு மட்டும்தான்.

இன்று கைக்கு வந்தது, புத்தாண்டின் பத்தாம் நாள் வரும் யோம் கிப்பூர் விரதத்துக்கான பாவ அறிக்கைச் சிறுபுத்தகம், புதுப் பதிப்பு. எங்கள் ஆட்கள் பாவத்தைக்கூட அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஒரு பாவம், பாவத்துக்கு ஒரு முறை நெஞ்சில் குத்து. நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அப்படியே அச்சாகியிருந்தால் ஜெருசலேமில் முந்நூறு பேர் ஒரு பாவத்திலிருந்து சும்மா தப்பித்திருப்பார்கள். கண்டுபிடித்துச் சேர்த்தேன்.

"நிம்மதியா இருக்கப் போன ஜனங்க. கெடுத்திட்டியே ஹெம்தா" என்றார் முதலாளி மனாஷே.

விட்டுப்போன பாவம் எது என்று பார்த்தால் — கேலி செய்தது.

உடனே ஓஸ்னத் ஞாபகம். பத்தொன்பது நாளாக அவளோடு பேசவில்லை. இருபது வருஷச் சிநேகத்தில் இதற்கு முந்தைய சாதனை நாலு நாள். அதுவும் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

செப்டம்பர் 4, புதன்

நடந்ததை ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத மாட்டேன்.

எல்கனா என்று ஒருவர். அம்மாவின் தூரத்து உறவு பார்த்துச் சொன்ன வரன். இரண்டு முறை காபிக் கடையில் சந்தித்தோம். இரண்டாவது முறை, "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இவர் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். பதிலுக்குக் காத்திருந்தார். நான் இருபத்தைந்து நிமிஷம் பேசினேன். காபி ஆறிப் போயிற்று. அதை ஆறியபடியே குடித்தார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அழுதேன். சந்தோஷத்தில். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இறங்கும்போது ஒரு டிஷ்யூ தாளை நீட்டினார்.

இதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன்.

அவள் தம்பி கல்யாணத்தின் மூன்றாம் நாள் விருந்தில், பெண்கள் கூடத்தில், அறுபது பேர் முன்னால், அவள் அதை நடித்துக் காட்டினாள். சால்வை பஸ்ஸின் கைப்பிடி. சூப் கரண்டி புத்தகம். "ஐயோ, என்ன படிக்கறேன்னு கேட்டுட்டாரே!" என்று விசும்பல். டிரைவராகவும் அவளே நடித்தாள். பேர் சொல்லவில்லைதான். ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கு வரை புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் அது யார் என்று இந்தத் தெருவில் பூனைக்குக்கூடத் தெரியும். மூன்றாவது மேஜையில் எல்கனாவின் அண்ணி உட்கார்ந்திருந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது.

நாலு நாள் கழித்து எல்கனாவிடமிருந்து குறுஞ்செய்தி. "உங்களுக்கு எல்லா நலமும் அமையட்டும்." ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அவர் போனது போகட்டும். எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல உலகத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். அந்த இடம் போச்சே?

செப்டம்பர் 8, ஞாயிறு

ஓஸ்னத்திடமிருந்து மன்னிப்பு வந்தது. எனக்கும், இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும்.

அவள் பார்லரின் வாடிக்கையாளர் குழுவில்: "அன்பான தோழிகளே, புது வருஷம் வருது, தெரிஞ்சோ தெரியாமலோ யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க." ஒரு சிவப்பு இதயம். ஒரு மாதுளம்பழம். அதற்குக் கீழே: "பண்டிகை வரைக்கும் டை அடிச்சா முடி வெட்டறது இலவசம்."

அம்மா அதை என்னிடம் காட்டிவிட்டு ஒரு விரலை மடக்கினாள்.

"ஒண்ணு."

"அம்மா, அது விளம்பரம்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கா இல்லையா? மூணு தடவ கேட்டும் நீ இறங்கி வரலேன்னா பாவம் அவளை விட்டு உன் தலைல ஏறிக்கும். படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

சட்டம் எனக்கும் தெரியும். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும். யோம் கிப்பூர் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் கடவுள் அதில் தலையிட மாட்டார். மூன்று முறை கேட்க வேண்டும். ஆனால் முடிவெட்டோடு சேர்த்துக் கேட்டால் கணக்கில் வருமா? மதச் சட்டம் எழுதிய எந்த ரப்பியும் இதைப் பற்றி எழுதவில்லை.

என் கணக்கில்: பூஜ்யம்.

செப்டம்பர் 11, புதன்

ஓஸ்னத்தின் அம்மா நஈமா அத்தை வந்திருந்தார். கையில் பெரிய பாத்திரம். பீட்ரூட் சூப்பில் மிதக்கிற கூப்பே உருண்டைகள், என் எடைக்குச் சமமாக.

"கண்ணு, அவ வாய் ஒரு தறுதலை வாய். வயித்துல இருக்கும்போதே பேசிட்டிருந்தா. மனசுல எதையும் வெச்சுக்காதே."

"அவளையே வந்து சொல்லச் சொல்லுங்க அத்தை."

"அவ எங்கே வருவா, புத்தாண்டு நெருங்கிடுச்சு, ஊர்ல இருக்கற நரை முடியெல்லாம் அவ வாசல்ல நிக்குது."

போனதும் அம்மா இரண்டாவது விரலை மடக்கினாள். தூது விட்டது செல்லாது என்றேன். "அப்ப கூப்பேயும் செல்லாதா?" என்றாள். கூப்பே செல்லும். அது வேறு துறை.

ஏழு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று புரூஃபில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து ரப்பி ஒருவர், யாராவது தனக்குத் தீங்கு செய்துவிட்டால், அந்த ஆளின் எதிரே தானே போய்க் குறுக்கும் நெடுக்கும் நடப்பாராம். அவனுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வசதி செய்து கொடுக்கத்தான். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். எனக்கும் அவ்வளவு பெரிய மனசு இருக்கிறதா என்று பார்க்க, வேலை முடிந்ததும் ஓஸ்னத்தின் பார்லர் வழியாக நடந்தேன்.

நாலு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வேண்டுமே என்று பக்கத்து மளிகைக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கினேன். கொத்தமல்லி. தீப்பெட்டி. டார்ச்சுக்கு பேட்டரி. எள்.

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கத்திரிக்கோல் நிற்கவில்லை.

நாலாவது முறை மளிகைக்கடை உஸியேல் கேட்டார்: "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?"

"மானத்தை" என்று நாக்கு வரை வந்தது. "நாளைக்கு வரேன்" என்று வந்துவிட்டேன்.

டார்ச் எங்கள் வீட்டில் கிடையாது.

செப்டம்பர் 13, வெள்ளி

சந்தையில் சபாத் ஓய்வுநாளுக்கு முந்தைய நெரிசல். மாதுளம்பழக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஓஸ்னத். இரண்டு பேர் கையும் ஒரே பழத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி எதுவும் இல்லை. அவள் என் கூடையை இடித்தாள்.

"ஹெம்தா. ஏதாவது மனசு நொந்திருந்தா மன்னிச்சிடு."

"ஏதாவதுன்னா?"

"ஏதாவதுதான்."

"எதுக்குன்னு சொல்லு."

"எல்லாத்துக்கும்டி!"

"எல்லாத்துக்கும்னு ஒண்ணு கிடையாது ஓஸ்னத். என்ன செஞ்சேன்னு பேர் சொல்லிக் கேக்கணும். 'நொந்திருந்தா'ன்னு வேற சொல்றே. நொந்ததா இல்லையான்னு உனக்கே சந்தேகமா?"

"மன்னிப்புக் கேக்க வந்தா பரீட்சை வைக்கறா பாரு!" என்று பழக்காரரிடம் முறையிட்டாள். அவர் என் பக்கமா அவள் பக்கமா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பழம் அதிகம் போட்டார். "எழுதியே தர்றேன், போதுமா? கையெழுத்தோட தர்றேன்!" என்று கத்திக்கொண்டே போனாள்.

கோபத்தில் அவளுக்குக் காது சிவக்கும். பத்து வயதிலும் அப்படித்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எழுதியே தந்துவிட்டாள்! தபால் பெட்டியில் உறை. நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், அவள் கைப்பட.

ஓஸ்னத் ஒரு பக்கம் எழுதிப் பார்த்து எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு எழுத்து எப்போதும் எதிரி. போனில்கூட வாயால் சொல்லித்தான் செய்தி அனுப்புவாள். பிள்ளைகளின் பள்ளிப் படிவம், வங்கிக் காகிதம், கடை வாசலில் ஒட்டுகிற அறிவிப்பு எல்லாம் நான் எழுதிக் கொடுப்பது. யாராவது பேனாவை நீட்டினால் "கை ஈரமா இருக்கு" என்பாள். கணவனிடமும் அதுதான். இது எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டு பக்கத்தில் பதினேழு பிழை. தேதியும் பதினேழு. முத்து போல ஒன்று: எங்கள் ஹீப்ரூ மொழியில் 'அவமானப்படுத்தினேன்' என்பதற்கும் 'உலர்த்தினேன்' என்பதற்கும் அதே எழுத்துகள்தான், இடம் மட்டும் மாறும். அவள் மாற்றிவிட்டாள். "உன்னை எல்லார் முன்னாடியும் உலர்த்திட்டேன்." முடி அலங்காரம் செய்கிறவள் எழுதுகிற வாக்கியமா இது! தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

பென்சில் எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. சிவப்புப் பென்சில். பழக்கதோஷம்.

செப்டம்பர் 18, புதன்

திருத்திய கடிதத்தின் அடியில் அச்சகத்து ரப்பர் முத்திரையைக் குத்தினேன் — "திருத்தி மறுபடி அனுப்பவும்." அதே உறையில் போட்டு, காலையில் பார்லர் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

சிரிப்பாள். அவளுக்குக் கேலி பிடிக்கும்.

சரி, நேர்மையாக எழுதுகிறேன். அவள் சிரிக்க வேண்டும் என்றும் வைத்தேன். கொஞ்சம் குத்த வேண்டும் என்றும் வைத்தேன். எது எத்தனை பங்கு என்று யாரும் கேட்க வேண்டாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

அம்மா பத்து மணிக்கே பார்லரிலிருந்து திரும்பினாள். தலையில் பாதி முடியில் டை, மீதிப் பாதியில் அலுமினியத் தாள். தெருவில் அப்படியே நடந்து வந்திருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"பேசாதே. எங்கிட்ட பேசாதே."

பேசாதே என்று சொல்லிவிட்டு அவளே பேசினாள். ஓஸ்னத் இரண்டு நாளாக உறையைப் பிரிக்கவில்லையாம். இன்று கூட்டம் நிறைய. அம்மா உலர்த்தும் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். ஓஸ்னத் கை முழுக்க டை. "அத்தை, அந்த உறை உங்க பொண்ணு வெச்சிட்டுப் போனது, பிரிச்சுப் படிங்களேன். மன்னிச்சிட்டாளான்னு மட்டும் சொல்லுங்க" என்றாளாம். சந்தோஷமாகத்தான் சொன்னாளாம்.

அம்மாவிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. மெஷின் சத்தத்தில் தன் குரலே கேட்காததால் கத்திப் படித்திருக்கிறாள். 'உன்னை எல்லார் முன்னாடியும் உலர்த்திட்டேன்.' கடை முழுக்கச் சிரிப்பு. அம்மா நான் எழுதிய வாழ்த்து என்று நினைத்து இன்னும் சத்தமாகத் தொடர்ந்தாள். "இதுல சிவப்புல என்னமோ இருக்கே — 'எழுத்துப் பிழை', 'எழுத்துப் பிழை', 'இதுவும்' — யார் எழுதினது இது, சின்னப் பசங்களா?"

ஓஸ்னத் வந்து தாளை வாங்கிக்கொண்டாளாம். டை கையோடு.

"அவ என்னைப் பாத்தா பாரு ஹெம்தா. திட்டியிருந்தா தேவல. 'அத்தை, இன்னிக்குக் கடை மூடறேன்'னா. அவ்வளவுதான். பாதித் தலையோட வந்துட்டேன். நீ என்ன பண்ணி வெச்சிருக்கே?"

நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன்? எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எடுத்து, அத்தனை பேர் முன்னால் சிரிக்க வைத்திருக்கிறேன். இதற்கு முன்னால் இதை எங்கே பார்த்தேன் என்று யோசிக்கவே தேவையில்லை.

சபாத் விளக்கேற்றும் நேரமாகிவிட்டது, இனி எழுதக் கூடாது. நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். ஏழு வரைவு. மொழி அபாரம். ஏழிலும் எங்காவது ஒரு 'ஆனால்'. "நான் செய்தது தப்பு, ஆனால்." "நீ வருந்தியிருப்பாய், ஆனால்." அடித்தால் வேறு உருவத்தில் வருகிறது: 'இருந்தாலும்', 'ஒருவேளை', 'நீயும்தானே'. பிறர் பிரதியில் தேவையில்லாத சொல்லை ஒரு மைல் தூரத்திலிருந்து பார்க்கிற கண் எனக்கு.

மன்னிப்புக்கு எங்களிடம் இருக்கிற சொற்களில் ஒன்றுக்கு இன்னொரு பொருளும் உண்டு: வளை. எலி, நரி எல்லாம் மண்ணுக்கடியில் தோண்டுமே, அது. இன்று எனக்கு அந்த இரண்டாவது பொருள்தான் உதவும். உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேரில் போனேன்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ஓஸ்னத், ரெண்டு நிமிஷம்..."

"இல்லாம பாக்கறதில்ல. பண்டிகை நேரம். நாலரைக்கு ஒரு இடம் இருக்கு, முடி வெட்டணும்னா."

நாலரைக்குப் போய் முடி வெட்ட உட்கார்ந்தேன். முதலில் தலையலசல். கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணில் சோப்பு நுரையோடு, மேல்கூரையைப் பார்த்துச் சொன்னேன்: "என்னை மன்னிச்சிடு."

"எதுக்குன்னு சொல்லு."

என் வாயிலிருந்து போன வாக்கியம். அப்படியே திரும்பி வந்தது.

"எனக்கு மட்டும் தெரிஞ்சத, சிவப்புல அடிச்சு, திருப்பி அனுப்பினதுக்கு."

"'நொந்திருந்தா'ன்னு சேக்கலையா?"

"இல்ல. நொந்தது. தெரியும்."

தண்ணீர் திடீரென்று கொதித்தது. தற்செயலா என்று கேட்கவில்லை. கடையில் நாலு பெண்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் ஓஸ்னத். "ஒண்ணு."

நெற்றி முடி இடது பக்கம் ஒரு விரல் கட்டையாக இருக்கிறது. அவள் கை அப்படித் தவறியதே இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

மனாஷே: "முடி ஒரு பக்கமா சரிஞ்சிருக்கே, புதுப் பாணியா?" ஆமாம் என்றேன். தண்டனைப் பாணி.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று மாலை புத்தாண்டு தொடங்குகிறது. அதற்குள் இரண்டாவது முறை கேட்டுவிட வேண்டும் என்று காலையில் கிளம்பினேன். ஒருமுறை கேட்டுக் கிடைக்காவிட்டால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும் என்பது விதி. விதியைப் படித்தவள் நான். அம்மா, மனாஷே, மளிகைக்கடை உஸியேல் — மூன்று பேரோடும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உஸியேல் கடை ஏப்ரனோடு வந்திருந்தார்.

கதவைத் திறந்தவள் வரிசையாக நாலு பேரையும் பார்த்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கா" என்றார் உஸியேல். "நாங்க மூணு பேரும் அதுக்குத்தான்."

"நல்ல பொண்ணு. காற்புள்ளிதான் கொஞ்சம் அதிகமா போடுவா" என்றார் மனாஷே.

"நான் படிச்சது என் தப்பு. அவ எழுதினது அவ தப்பு" என்றாள் அம்மா. "எனக்கு மீதித் தலைக்கு எப்ப டை போடுவே?"

நான் கேட்டேன். இந்த முறை 'ஆனால்' இல்லை, ஆனால் — இதோ, வந்துவிட்டது — என் குரல் எனக்கே ஜெபக்கூடத்து அறிவிப்பு மாதிரிக் கேட்டது.

ஓஸ்னத் உள்ளே போய் அந்த உறையோடு வந்தாள். அதில் டை படிந்த விரல் தடம்.

"இந்தா. திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னியே. என்னால இதுக்கு மேல திருத்த முடியாது. எட்டு நாள் உக்காந்து எழுதினேன்னு நினைக்காதே, நாலு நாள்தான்." காது சிவந்திருந்தது. "ரெண்டு. மூணாவது தடவ ராணுவத்தோட வருவியா?"

கதவைச் சாத்தினாள். பிறகு திறந்தாள். "அத்தை, நீங்க பன்னெண்டு மணிக்கு வாங்க." மறுபடி சாத்தினாள்.

அப்படியென்றால் அம்மாவுக்கு மன்னிப்பு உண்டு. எனக்குத்தான் இல்லை.

அக்டோபர் 2, புதன்

பண்டிகை முடிந்தது. நஈமா அத்தை ஜெபக்கூடத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஆனால் சிரிக்கவில்லை. உறையை இன்னும் பிரிக்கவில்லை. மேஜை மேல் இருக்கிறது. அதில் என் சிவப்புத்தானே இருக்கும், எனக்குத் தெரியாதா என்ன.

அக்டோபர் 4, வெள்ளி

அம்மா இப்போது விரலை மடக்குவதில்லை. "அஞ்சு நாள் இருக்கு" என்று மட்டும் சொல்கிறாள்.

மூன்றாவது முறையும் கேட்டு அவள் மறுத்தால் சட்டப்படி நான் சுத்தம். அதற்கப்புறம் அவள் பாடு. இதை நினைத்ததும் ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி, சுத்தமாகி என்ன செய்யப் போகிறேன், யாரிடம் போய்ச் சொல்வது நான் சுத்தமென்று?

அக்டோபர் 6, ஞாயிறு

பிரித்தேன்.

படித்தேன். முதல் முறையாக.

அன்று நான் படிக்கவே இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அதுதான் திறமை என்பார்கள். பொருளுக்குள் போனால் பிழை கண்ணில் படாது.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அவள் எழுதியபடியே எழுதுகிறேன், பிழைகளை மட்டும் விட்டுவிட்டு. இல்லை. அதையும் நான் ஏன் முடிவு செய்ய வேண்டும்? ஆனால் அவள் பிழைகளை என் கையால் போட எனக்கு வரவில்லை.

"நீ பஸ்ல அழுதத சொன்னப்போ எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். நாள் பூரா நாப்பது பேர் எங்கிட்ட பேசறாங்க. நீ என்ன நினைக்கறேன்னு கேட்டுட்டு பதிலுக்காக யாரும் காத்திருந்ததில்ல. நீயும்தான். அந்தப் பொறாமைலதான் எல்லாரையும் சிரிக்க வெச்சேன். சிரிச்சா அது சின்னதாயிடும்னு நினைச்சேன். சின்னதாகல. என்னை மன்னிச்சிடு."

இந்தப் பத்தியில் நான் செய்திருப்பது: 'நீயும்தான்' என்பதற்கு முன் ஒரு காற்புள்ளி சேர்த்திருக்கிறேன்.

பேர் சொல்லிக் கேள் என்றேன். அவள் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதைவிட அதிகமாகவே. அதன் மேல் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய், யோம் கிப்பூருக்கு முன்

விரதத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். வேகமாக எழுதுகிறேன்.

மதியம் தனியாகப் போனேன். கணவர் பிள்ளைகளோடு அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஓஸ்னத் சமையலறையில், விரதத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்குக் கோழியும் சோறும். என்னைப் பார்த்துவிட்டு, "படை எங்கே?" என்றாள்.

"படை இல்ல. நான் மட்டும்தான்."

"உக்காரு. காபி இருக்கு. நாளைக்குக் கிடையாது."

உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன்.

"கடுதாசியப் படிச்சேன் ஓஸ்னத்."

"முன்னாடியே படிச்சியே. சிவப்புல."

"அன்னிக்குப் படிக்கல. இப்பதான் படிச்சேன்." எனக்கு அடுத்த வாக்கியம் தெரியவில்லை. வரைவு எதுவும் எடுத்துப் போகவில்லை. "நீ இப்ப என்ன நினைச்சிட்டிருக்க?"

"கோழி தீஞ்சுடும்னு நினைச்சிட்டிருக்கேன்."

"அடுப்ப அணைச்சிட்டு வா."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அணைத்தாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கோப்பையைத் தொடாமல் காத்திருந்தேன். அவள் இத்தனை நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. ஏதாவது ஜோக் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொன்னாள், ஒன்று. நான் சிரித்தேன். ஆனால் கிளம்பவில்லை.

அப்புறம் சொன்னாள். "காலைல கடைய திறக்கறதுக்கு முன்னாடி, வாடிக்கைக்காரங்க உக்கார்ற நாற்காலில நான் உக்காருவேன். கண்ணாடியப் பாத்து, 'என்ன பண்ணணும் மேடம்?'னு கேப்பேன். டெய்லி கேப்பேன். இன்னிவரைக்கும் அந்த மேடம் பதிலே சொன்னதில்லடி." சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். என் காபி ஆறியது. குடித்தேன்.

கிளம்பும்போது ஞாபகம் வந்து, "மூணாவது தடவ கேக்கணும்" என்றேன்.

"கேளு, கேளு. முறைன்னு ஒண்ணு இருக்கே."

கேட்டேன். எதற்கு என்று பேர் சொல்லி. அவள் முறைப்படி, "மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன்" என்றாள், கடையில் துண்டை உதறுகிற வேகத்தில். பிறகு அவள் கேட்டாள். பஸ், சால்வை, கரண்டி, டிரைவர், எல்லாவற்றையும் பேர் சொல்லி. டிரைவரை நடிக்கும்போது தனக்கே பிடித்திருந்தது என்பதையும் சேர்த்து.

"மன்னிச்சேன்" என்றேன். "மன்னிச்சேன்."

மூன்றாவது வரவில்லை. எல்கனாவின் அண்ணியின் விக்கல் காதில் கேட்டது. அறுபது பேரின் சிரிப்பு கேட்டது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை. இன்றைக்குப் போய் பொய் சொல்லவா?

ஓஸ்னத் "சரி விடு" என்று சொல்லவில்லை. கேலி செய்யவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கோழி கெட்டுப் போயிருக்கும்.

வந்தது. சின்னதாக, ஆனால் வந்தது.

அம்மா கூப்பிடுகிறாள். சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

விரதம் நல்லபடியாக முடிந்தது. தலைவலி இல்லை.

கூடாரப் பண்டிகைக்குப் பார்லர் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று ஓஸ்னத் தானே எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். இரண்டு பிழை. உஸியேல் என்னிடம் காட்டிச் சிரிக்கப் பார்த்தார். "படிக்க முடியுதில்ல?" என்றேன்.

உள்ளே போனேன். கூட்டம் இல்லை. என் நெற்றி முடியைச் சரி செய்தாள். அவள் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன விஷயம். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொல்லவில்லை. கத்திரிக்கோல் நின்றது. முழுவதும் கேட்டாள்.

அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. ஓஸ்னத்துக்குத் தெரியும்.